புத்தகப் பையை விட்டிட்டு ஓடுங்கோ: ஒரு சுனாமி ஒத்திகையில் நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஒத்திகை நடுவே சுகமில்லாமல் போன பிள்ளை மூன்றாம் நாள் பாடசாலைக்கு வந்து வழமைபோல கடைசி வாங்கில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம், அன்றைய ஒத்திகை பற்றி மேலிடத்துக்குப் போன அறிக்கையில் "ஒத்திகை வெற்றிகரமாக நிறைவுற்றது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான்தான்.

திருகோணமலையில் கடலில் இருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் ஒரு பாடசாலை. கிட்டத்தட்ட 700 பிள்ளைகள். சுகாதாரக் கழகமும் முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பு. மருத்துவம் படித்தவள் இல்லை, இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி, அவ்வளவுதான். பிள்ளைகளை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை. அதோடு மூன்றாம் தவணை விடுமுறை. கிண்ணியா, மூதூர், திருக்கடலூர் என்று கடல் ஏறிய இடங்களைப் பற்றி இன்றைக்கும் கதைக்கிறோம், ஆனால் அன்று பாடசாலைகள் பூட்டியிருந்தன என்பதை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஒரு வேலை நாளில், காலை ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் வாங்கில் இருக்கும்போது கடல் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று அந்தப் பெரிய சுனாமி எங்களைச் சோதிக்கவில்லை. அதனால்தான் ஒத்திகை. வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு தினத்தை ஒட்டி.

திட்டம் எளிமையானது. மணி தொடர்ந்து அடிக்கும். பிள்ளைகள் கையில் எதையும் எடுக்கக் கூடாது, புத்தகப் பையைத் தொடவே கூடாது. வகுப்பு வகுப்பாக வரிசையில் பின் வாசலால் வெளியேறி உவர்மலைப் பக்கம் ஏற வேண்டும். பையை விடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாடிப்படியில் 40 பிள்ளைகள் பையை இழுத்துக்கொண்டு இறங்கினால் முதலில் விழுகிற பிள்ளைக்கு மேலே மற்ற 39 பேரும் விழுவார்கள். ஆகவே அந்த விதியை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை அதற்குள்ளே இருந்துதான் வந்தது என்பது வேறு விஷயம்.

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் "விசேட தேவையுடைய மாணவர்" என்று ஒரு பட்டியல். இரண்டு பெயர். ஒன்று இருதய சத்திரசிகிச்சை செய்த பிள்ளை, மற்றது சக்கர நாற்காலியில் வரும் ஐந்தாம் ஆண்டுப் பையன். இரண்டு பேருக்கும் நேரே ஒரே குறிப்பு: "ஒத்திகையில் பங்குபற்றத் தேவையில்லை. அலுவலக அறையில் இருக்கலாம்."

அன்று நடந்தது

மணி அடித்தது 9.10 க்கு. வெயில் நன்றாக ஏறியிருந்தது. 9.35 அளவில் முதல் வகுப்புகள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. கணக்கெடுத்து, இரண்டு வார்த்தை பேசி, பத்து மணிக்கு முதல் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் விருந்தினர் ஒருவர் வரத் தாமதம். வந்தவர் பேசினார். இன்னொருவர் நன்றியுரை சொன்னார். (சுனாமி வந்தாலும் நன்றியுரை இல்லாமல் நாங்கள் கலைய மாட்டோம்.)

10.05 க்கு ஆறாம் ஆண்டு வரிசையில் ஒரு பிள்ளை நிலத்தில் குந்திவிட்டது. முகம் வெளிறி, சட்டையின் முதுகெல்லாம் வேர்வை. வெயில் மயக்கம் என்று நினைத்தோம், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மர நிழலுக்குக் கொண்டுபோய் முகத்தைத் துடைத்தோம். முதலுதவிப் பெட்டியில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பக்கற் இருந்தது, போத்தல் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். பிள்ளை கொஞ்சம் குடித்தது. தேறவில்லை. பத்து நிமிடம் போனதும் கதை மாறத் தொடங்கியது, நான் பெயரைக் கேட்க அது "கணக்குக் கொப்பி அம்மாட்ட" என்றது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "ரீச்சர், இவளுக்குச் சீனி இறங்கிட்டு. இனிப்புக் குடுங்கோ. அவவின்ட அம்மா எனக்குச் சொல்லி வைச்சிருக்கிறா." பக்கத்து வாங்குக் கூட்டாளி. இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். வரிசையை விட்டு அசையக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்ததால் அசையவில்லை.

இனிப்பு எங்கே? பையில். குளுக்கோஸ் தூள், பிஸ்கற், சீனி பார்க்கும் மெசின் எல்லாம் அந்தப் பிள்ளையின் புத்தகப் பையில், வகுப்பறையில், நாங்கள் விட்டுவிட்டு வரச் சொன்ன இடத்தில்.

எதிர் வீட்டு அம்மா ஒருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீனித் தண்ணி" என்று நான் கத்தியதும் என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே ஓடி ஒரு எவர்சில்வர் கப்பில் கரைத்துக்கொண்டு வந்தார், அடியில் சீனி கரையாமல் கிடந்தது. பிள்ளை விழுங்கும் நிலையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கால் மணித்தியாலத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டது. இதற்கிடையில் அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைத்திருந்தோம், வண்டி வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு விளங்கியவை

அந்தப் பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு. காலை ஆறேகாலுக்குக் கலவை இன்சுலின் போட்டு, இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வரும். அந்தக் கலவையில் இருக்கும் வேகமான பகுதி ஊசி போட்ட இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்குள்தான் உச்சத்தில் வேலை செய்யும். அதாவது எட்டேகாலிலிருந்து பத்தேகால் வரை. அதைச் சமாளிக்க அது தினமும் ஒன்பதரைக்கு, பாடம் மாறும் இடைவெளியில், மேசைக்குக் கீழே வைத்து இரண்டு பிஸ்கற் சாப்பிடும். வகுப்பாசிரியருக்குத் தெரியும், அவர் பிரசவ லீவில். பதில் ரீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் மணி அடித்தது 9.10 க்கு. அதன் மேல் ஏற்றத்தில் ஒரு நடை, அதன் மேல் வெயிலில் அரை மணித்தியாலம். சீனியை இறக்குவதற்கென்றே யாரோ திட்டம் போட்டதுபோல.

ஜீவனி விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வயிற்றோட்டத்துக்கு அது அருமையான மருந்து. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லீற்றர் உப்புக் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். பிள்ளை குடித்த அரைக் கோப்பையில் ஒன்றரை கிராம் இருந்திருக்குமோ என்னவோ. சீனி இறங்கிய பிள்ளைக்குத் தேவை 10 முதல் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுக்க வேண்டும், கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்து, தேறாவிட்டால் திரும்பவும் கொடுக்க வேண்டும். தேறியதும் பிஸ்கற், பாண் என்று ஏதாவது திடமாக. சொக்லேட் கூடாது, கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகத்தான் ஏறும். பிள்ளை நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையுமே ஊற்றக் கூடாது, புரைக்கேறும். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990. இவ்வளவும் ஒரு அஞ்சலட்டையில் அடங்கும். எங்களிடம் அந்த அட்டை இருக்கவில்லை.

இன்னொன்று. பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் ஆண்டுகளில்தான் நடக்கிறது. இந்தப் பிள்ளைக்கு நான்காம் ஆண்டில் பார்த்தபோது இந்த வருத்தம் இல்லை, ஐந்தில் வந்தது, அடுத்த பரிசோதனை ஏழில். நடுவில் மூன்று வருட ஓட்டை. அந்த ஓட்டையைத் தாய் எங்களிடம் நேரே சொல்லி அடைத்திருக்கலாம். வகுப்பாசிரியரிடம் சொன்னார், கூட்டாளிக்குச் சொன்னார். பாடசாலைக்கு என்று ஒரு காது இருக்கவில்லை, அவர் யாரிடம் சொல்வது?

கேள்வியை மாற்றினோம்

அடுத்த கிழமை எல்லாப் பெற்றோருக்கும் படிவம் அனுப்பினோம். "உங்கள் பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா?" திரும்பி வந்தவற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டது "இல்லை". மூன்றில் மட்டும் "உண்டு". நம்பவில்லை நான். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவோடு கதைத்தபோது அவர் சிரித்தார், "ரீச்சர், நோய் என்று கேட்டா ஆர் ஓம் என்பினம்?"

இரண்டாவது தடவை நோய் என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். இரண்டே கேள்வி. பிள்ளை தினமும் குளிசையோ பம்போ (ஆஸ்துமா முட்டுக்கு வாயால் இழுக்கும் மருந்து) ஊசியோ எடுக்கிறதா? ஒரு இரவு முழுக்கப் பிள்ளை வீட்டுக்கு வர முடியாமல் பாடசாலையிலோ முகாமிலோ தங்க நேர்ந்தால் உங்களுக்கு எதை நினைத்துப் பயம்? இந்த இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களை வாசித்துக்கொண்டு நான் நெடுநேரம் இருந்தேன். "இரவில் முட்டு வரும், பம் வேணும்." "சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடி ஒளிவான், கூப்பிட்டாலும் வர மாட்டான்." "கடலை சாப்பிட்டால் உதடு வீங்கும்." பட்டியல் இரண்டிலிருந்து பதினொன்றாகியது.

ஓடி ஒளியும் பையனைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒத்திகை மணியே அவனுக்கு ஆபத்து. மணி தொடர்ந்து அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடும்போது அவன் மட்டும் உள்ளே, மலசலகூடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். தலை எண்ணும்போது குறைந்தது என்று யாரும் கவனிக்கவும் இல்லை, "அவன் இன்றைக்கு வரவில்லைப்போல" என்று விட்டுவிட்டார்கள். இப்போது மணி அடிக்க ஐந்து நிமிடத்துக்கு முதல் அவன் கையைப் பிடித்து ஒரு அண்ணன் வெளியே கூட்டிப்போகிறான். உண்மையான நாளில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது, ஆகவே மணி அடித்ததும் முதலில் மலசலகூடக் கதவைப் பார்ப்பது என்று ஒரு ஆளுக்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறோம்.

முட்டுக்காரப் பிள்ளைகள் நான்கு பேர். ஒருவனின் பம் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டி இருந்தது, துலைந்துபோகாமல் இருக்கவாம். திறப்பு அதிபரின் காற்சட்டைப் பையில். அதிபர் கூட்டத்துக்குப் போனால் பம்மும் கூட்டத்துக்குப் போன மாதிரித்தான். அதை அன்றே மாற்றினோம். கிளினிக் தாதி ஒரு நல்ல விஷயம் காட்டித் தந்தார்: பம்மை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடும், நடுவில் ஒரு கூடு வேண்டும், அது கடையில் விலை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டால் அதுவே கூடு. ஒரு தடவை அடித்து, போத்தல் வாயால் நாலைந்து மூச்சு நிதானமாக இழுத்து, பிறகு அடுத்தது. நான்கு பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள், ஒருவன் தன்னுடையதற்குக் கிரிக்கெட் ஸ்ரிக்கர் ஒட்டினான்.

பைக்குப் பதில் இடுப்பில் கட்டும் சின்னப் பை. தையல் பாட ரீச்சர் பழைய சீருடைத் துணியில் தைத்துக் கொடுத்தார். புத்தகப் பையை விடு, இடுப்புப் பையை விடாதே. காலையில் கட்டினால் வீட்டுக்குப் போய்த்தான் அவிழ்ப்பது. நீரிழிவுப் பிள்ளையின் பைக்குள் குளுக்கோஸ், பிஸ்கற், மெசின், ஒரு மடித்த அட்டை. இன்சுலினையும் வைக்கலாமா என்று கேட்டதற்கு வைத்தியர் வேண்டாம் என்றார். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் நான்கு கிழமை அளவுக்கு வெளியே தாங்கும், ஆனால் 30 பாகைக்கு மேல் கூடாது, திருகோணமலை வெயிலில் பிள்ளையின் இடுப்பில் அது எவ்வளவு சூடாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காக அலுவலக அறையில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானை. மின்சாரம் போனாலும் குளிரும். மாரியில் காற்றில் ஈரம் கூடும்போது அவ்வளவு குளிராது, அதையும் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

அட்டை மூன்று மொழியில். தமிழில் மட்டும்தான் முதலில் எழுதினேன். எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணைதான் கேட்டார், "ரீச்சர், வெள்ளம் வந்தா பிள்ளையைத் தூக்க வாறது ஆர்? நேவிக்காரன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ?" சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினோம். பின்பக்கத்தில் அம்மாவின் இலக்கம், மாமாவின் இலக்கம், 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

அலுவலக அறையில் இருந்த பையன்

அன்றைய ஒத்திகை முடிந்து கீழே வந்தபோது சக்கர நாற்காலிப் பையன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். கோபமில்லை, அழுகையில்லை. சும்மா ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டான்: "உண்மையா கடல் வந்தா நான் ஒபிசுக்குள்ளயே இருக்கிறதா ரீச்சர்?"

பாவம், அவனை ஏன் அலைக்கழிப்பான் என்று நினைத்து எழுதிய வரிதான் அந்தக் குறிப்பு. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆறு கிழமை கழித்து இரண்டாவது ஒத்திகை. விருந்தினர் இல்லை, நன்றியுரை இல்லை. அவனைக் கூட்டிக்கொண்டு பின் வாசலுக்குப் போனால், சக்கர நாற்காலி கான் (வடிகால்) மூடியின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதைத் தாண்டினால் ஒழுங்கை மணல். முன் சில்லுப் புதைந்து நாற்காலி ஒரு அங்குலம் நகரவில்லை. இத்தனை வருடமும் அந்த வழியால் ஒருநாளும் அவனைக் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை, எப்படித் தெரியும்?

ஓட்டோ ஒன்று ஏற்பாடு செய்யலாம் என்றார் ஒருவர், பக்கத்திலேயே ஓட்டோ நிறுத்துமிடம் இருக்கிறது. நல்ல யோசனைதான், ஒத்திகைக்கு. உண்மையான நாளில் அந்த ஓட்டோக்காரர் தன் பிள்ளையைத் தேடி ஓடுவார், ஓட வேண்டும். ஆகவே ஆட்களால் தூக்குவது என்றே முடிவெடுத்தோம். பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி உயர்தரப் பையன்கள் நான்கு பேர் மாறி மாறி. முதல் தடவை தூக்கியதும் அவன் முகம் சுருங்கியது. இடது இடுப்பு நோகுமாம். "முழங்காலுக்குக் கீழ பிடிங்கோ, இடுப்பில பிடிக்காதீங்கோ, எண்ணிச் சொல்லிப்போட்டுத் தூக்குங்கோ" என்று அவனே வகுப்பு எடுத்தான். பெரிய பையன்கள் நான்கு பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். மற்ற வகுப்புகள் மேலே போக 24 நிமிடம், அவனுக்கு 33 நிமிடம். 2004 இல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அலை கிழக்குக் கரைக்கு வந்தது. எச்சரிக்கை ஒழுங்காக வந்தால் 33 நிமிடம் போதும். நேரம் எப்போதும் இருந்திருக்கிறது, ஆள்தான் ஒதுக்கப்படவில்லை. கான் மூடியை இன்னும் யாரும் மாற்றித் தரவில்லை, கடிதம் மூன்று போயிருக்கிறது.

சுனாமியை மட்டும் நினைத்து இதைச் செய்யவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் பாடசாலையே முகாம் ஆகும், இந்தப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு அங்கே பாயில் படுத்திருப்பார்கள், கிளினிக் கொப்பி வீட்டில் நனைந்துகொண்டிருக்கும். எந்தக் குளிசை எத்தனை மில்லிகிராம் என்று தாய்க்கே ஞாபகம் வராது. அதனால் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறோம், மூன்று நாள் குளிசை பாடசாலையில் உறை போட்டு, பெயர் எழுதி.

முடியாமல் கிடப்பது

பதினொன்றில் ஒரு பெயருக்குரிய அட்டையைப் பிள்ளையிடம் இன்னும் கொடுக்க முடியவில்லை. பத்தாம் ஆண்டு மாணவி, வலிப்பு. தாய் படிவத்தில் எழுதவில்லை, என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார். "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேச ஏலுமா ரீச்சர்?" நான் என்ன சொல்ல. ஏறி நிற்கும் மேட்டில் வைத்துப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் சுற்றி நிற்பவர்கள் திறப்புக் கோர்வையைக் கையில் திணிப்பார்கள், வாயில் கரண்டி வைப்பார்கள். செய்ய வேண்டியது தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, பக்கவாட்டில் சரித்து, மணிக்கூட்டைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. இதை நான் ஒருத்தி தெரிந்து வைத்திருந்து பயனில்லை.

இப்போதைக்குத் தாயோடு ஒரு உடன்பாடு. வலிப்புக்கு என்ன செய்வது என்பதை யார் பெயரும் சொல்லாமல் எல்லா ஆசிரியர்களுக்கும், பத்தாம் ஆண்டு முழுவதற்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று. பெயர் எழுதிய அட்டை மூடிய உறைக்குள் என் கைப்பையில். நான் லீவு போட்டால் அந்த உறையும் லீவு, அதிபரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்த பம்மைப் பார்த்துச் சிரித்தவள் நான். வருட முடிவில் எனக்கு இடமாற்றம் வரும் என்கிறார்கள். அதற்கு முதல், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தாய் செய்ததுபோல, மகளே தேர்ந்தெடுக்கும் ஒரு கூட்டாளிக்காவது சொல்லலாமா என்று கேட்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு தாயை வரச் சொல்லியிருக்கிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு.